மலையுச்சிக்கு எதற்கு ஸ்பீக்கர்?

இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்பது முகாமின் விதி. ஆனால் வட கரோலினாவின் மவுண்ட் மிட்செல் மாநிலப் பூங்காவில், பதினொன்றரை மணிக்கும் பக்கத்துக் கூடாரத்து ப்ளூடூத் ஸ்பீக்கரின் அதிர்வு தரை வழியாக என் தலைமாடு வரை வந்துகொண்டிருந்தது. அங்கே கூடாரம் போட இருப்பதே ஒன்பது இடங்கள்தாம். காரை நிறுத்திவிட்டு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய இடத்துக்கு, இதையும் மெனக்கெட்டுச் சுமந்து வந்திருக்கிறார்கள்.

குளிரில் எழுந்து போய்ச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டுக் குறைத்தார்கள். நான் திரும்பி வந்து, ஷூவைக் கழற்றி, ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைக் கழுத்துவரை இழுப்பதற்குள் பழைய சத்தம் வந்துவிட்டது. மறுபடி போனேன். ஹெட்லாம்ப் வெளிச்சத்தை நேராக என் கண்ணில் அடித்தபடி, "லீவைக் கொண்டாடத்தானே வந்திருக்கிறோம்" என்றார் ஒருவர். மற்ற கூடாரங்களில் குழந்தைகளோடு விழித்துக் கிடந்தவர்களுக்கு அது லீவு இல்லையா?

6,684 அடி உயரமுள்ள இந்தச் சிகரத்தைவிட உயர்ந்தது அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே வேறெதுவும் இல்லை. மரம் வெட்டும் கம்பெனிகள் மலையை மொட்டையடித்துக்கொண்டிருந்தபோது, மிஞ்சியதையாவது காப்பாற்றுவோம் என்று 1915இல் சட்டம் இயற்றித்தான் இதை அம்மாநிலத்தின் முதல் பூங்காவாக்கினார்கள். அப்படிப் பிழைத்த ஊசியிலைக் காட்டில் சா-வெட் என்ற, ஒரு சாண் உயரமே உள்ள ஆந்தை வாழ்கிறது; விசில் அடிப்பதுபோல் ஒரே சுருதியில் விட்டுவிட்டுக் கூவும் அது, இருட்டில் எலியின் அரவத்தைக் காதால் பிடித்தே இரை தேடுகிறது. நம் தூக்கம் ஒருநாள் கெட்டால் மறுநாள் தூங்கிக்கொள்ளலாம். அந்தப் பறவையின் பசிக்கு யார் பதில் சொல்வது?

மறுநாள் காலை அதே கும்பல், அதே ஸ்பீக்கரோடு உச்சியில் நின்றது. இந்த மலையின் உயரத்தை மீண்டும் அளந்து உறுதிசெய்ய வந்து, 1857இல் அருவியில் விழுந்து உயிரைவிட்ட எலிஷா மிட்செலின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அதன் பக்கத்திலும் பாட்டு நிற்கவில்லை.

பாட்டுக் கேட்காமல் இருக்க முடியாதென்றால் காதில் மாட்டிக் கேட்கட்டும், யாரும் தடுக்கவில்லை. ஒருமுறை சொல்லியும் அடங்காதவர்களை, விடியும்வரை காத்திராமல், அந்த இரவிலேயே கூடாரத்தைச் சுருட்ட வைத்துக் கீழே அனுப்ப வேண்டும்.