பள்ளிவாசல் தஃப்தரும் பதிவு அலுவலகமும்
ஒருவர், தமிழ்நாட்டு முஸ்லிம்களுக்குக் கல்யாணத்தை அரசிடம் பதிவு செய்யவே தேவையில்லை, பள்ளிவாசலில் இமாம் எழுதிக் கொடுத்தால் அதுதான் சட்டம் என்று எழுதியிருக்கிறார். தப்புங்க. பாதி கேட்டு பாதி விட்ட கதை இது.

நிக்காஹ் (திருமணம்) ஜமாஅத்தின், அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர் முஸ்லிம் அமைப்பின், தஃப்தரில் (பதிவேட்டில்) ஏறுவது உண்மைதான், மணமக்களும் வலி எனப்படும் மணமகளின் பொறுப்பாளரும் சாட்சிகளும் கையெழுத்துப் போடுவார்கள், மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். ஆனால் 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லா மதத்தாருக்கும் சேர்த்துத்தான். 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், அங்கே கல்யாணம் நடந்ததற்கு ஆதாரமாகக் காட்டத்தான் அந்த ஜமாஅத் சான்று உதவுகிறது.

அப்புறம், எழுதிக் கொடுத்தால் அதுதான் சட்டம் என்கிறாரே, அந்த இமாம். அவர் பெரும்பாலும் ஜமாஅத் நியமித்த, மாதச் சம்பளம் வாங்கும் மனிதர், அதுவும் பல ஊர்களில் சொல்லிக்கொள்ளும்படியான சம்பளம் இல்லை. சந்தா வசூல், மையவாடி (அடக்கத்தலம்), நோன்புக் கஞ்சி, மக்தபு (பிள்ளைகளுக்கான குர்ஆன் பள்ளி) எல்லாவற்றுக்கும் பொறுப்பு முத்தவல்லி எனப்படும் பள்ளிவாசல் நிர்வாகியும் நிர்வாகக் கமிட்டியும்தான்.

குடும்பச் சண்டையில் ஜமாஅத் உட்கார்ந்து பேசி வைக்கலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குலா (மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்கு) சான்றிதழே செல்லாது, பெண் குடும்பநல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. கல்யாணமாகி இன்னும் பதியாதவர்கள் யாராவது இதைப் படித்தால், தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் கட்டிப் பதியவும் அந்த 90 நாளுக்கு மேல் இன்னும் 60 நாள் தருகிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள்.