புள்ளி நாலு

(நள்ளிரவு தாண்டி வெகுநேரம். அக்கா ஆன்லைனில் இருப்பதைப் பார்த்ததும் தங்கை போன் போடுகிறாள்.)

தங்கை: அக்கா, இந்நேரத்துல ஆன்லைன்ல என்ன பண்றே?

அக்கா: நீ பண்றதைத்தான். என்ன, யாருக்காவது உடம்பு சரியில்லையா?

தங்கை: ஏசிக்குத்தான். மெக்கானிக் வந்து கழட்டி மாட்டிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம்"னு சொல்லிட்டு என்னையே ஒரு மாதிரி பாத்துட்டுப் போறான்.

அக்கா: பையன் கெட்டிக்காரன். பழுது எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டான்.

தங்கை: விளையாடாதே. நெஞ்சுலேர்ந்து திடீர்னு ஒரு சூடு கிளம்புது. கழுத்து, காது, மூஞ்சின்னு ஏறி, படபடன்னு அடிச்சுக்கிட்டு, தொப்பலா நனைஞ்சுடறேன். கொஞ்ச நேரத்துல பல்லு தந்தி அடிக்குது. போர்வையை உதைக்கறேன், தேடறேன், திரும்ப உதைக்கறேன்.

அக்கா: உன் வீட்டுக்காரர்?

தங்கை: ஹால்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கார். "ஏதாவது ஒரு முடிவுக்கு வா"ன்னுட்டுப் போனார்.

அக்கா: பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?

தங்கை: சொந்தக்காரங்க மாதிரி. வரும்னா வராது, வந்தா போகாது.

அக்கா: சரிதான். இது மெனோபாஸுக்கு முன்னாடி வர்ற ஆட்டம்டி.

தங்கை: எனக்கா? அதெல்லாம் வயசானவங்களுக்கு வர்றது.

அக்கா: ...

தங்கை: உன்னைச் சொல்லலக்கா.

அக்கா: 45லேர்ந்து 55க்குள்ள வழக்கமா வர்றதுதான். 12 மாசம் தொடர்ந்து வராம இருந்தாத்தான் நின்னுடுச்சுன்னு கணக்கு.

தங்கை: 11வது மாசம் வந்து தொலைஞ்சா?

அக்கா: திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணணும்.

தங்கை: இந்த விதியை எழுதினது கண்டிப்பா ஆம்பளைதான். சரி, இவ்ளோ சூடு எங்கேர்ந்து வருது?

அக்கா: மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒண்ணு இருக்கு. உடம்புச் சூட்டைப் பாத்துக்கறது அதோட வேலை. ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் குறைஞ்சா அதுக்குப் பொறுமை போயிடுது. சூடு இம்மி ஏறினாலும், ரத்தக் குழாயை விரிச்சுவிட்டு வேர்த்துக் கொட்ட வைக்குது.

தங்கை: அப்ப மெக்கானிக்கை என் தலைக்குள்ளதான் அனுப்பியிருக்கணும். இது எத்தனை நாளைக்கு?

அக்கா: நாளா? அமெரிக்காவுல ஆயிரத்துக்கு மேல பொம்பளைங்களை வருஷக்கணக்கா கவனிச்சு 2015ல முடிவு சொன்னாங்க. அடிக்கடி வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு 7.4 வருஷத்துக்கு மேல இருந்துச்சாம்.

தங்கை: ஏழு வருஷம் வேர்த்தவளுக்கு அந்தப் புள்ளி நாலு எதுக்குக்கா?

அக்கா: அது கிட்டத்தட்ட அஞ்சு மாசம்டி. லேசா நினைக்காதே.

தங்கை: இதையெல்லாம் நீ ஏன் முன்னாடியே சொல்லல?

அக்கா: அம்மா மட்டும் நமக்குச் சொன்னாங்களா? அப்பா படிச்சுக்கிட்டு இருக்கற பேப்பரைப் பிடுங்கி விசிறுவாங்களே, ஞாபகம் இருக்கா?

தங்கை: ஐயோ! அம்மா கோவமா இருக்காங்கன்னு நான் மார்க் ஷீட்டை ஒளிச்சு வச்சேனே!

அக்கா: உன் மார்க்குக்கும் கோவம் இருந்துச்சு. அது வேற.

தங்கை: சரி விடு. "ஏழே நாளில் குணம்"னு ஒரு மூலிகை மாத்திரை ஆர்டர் பண்ணிட்டேன்.

அக்கா: ஏழு வருஷத்தை ஏழு நாள்ல முடிக்கறானா? முதல்ல டாக்டர்கிட்ட போ. "வந்தா போகாது"ன்னியே, அதை மறைக்காம சொல்லு. தைராய்டையும் பாக்கச் சொல்லு, அதுவும் இப்படி வேர்க்க வைக்கும். இதுக்கு நல்லா கேக்கறது ஹார்மோன் மருந்துதான்.

தங்கை: ஹார்மோன்னா கேன்சர் வரும்னு சொல்றாங்களே?

அக்கா: 2002ல ஒரு பெரிய ஆய்வைப் பாதியில நிறுத்தினாங்க. அப்ப பிடிச்ச பயம் அது. அப்புறம் ஆற அமர அலசிப் பாத்தாங்க. 60 வயசுக்குள்ள, நின்னு பத்து வருஷத்துக்குள்ள ஆரம்பிக்கற பெரும்பாலானவங்களுக்கு நன்மைதான் தூக்கல்னு சொல்றாங்க. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம்னு வந்தவங்களுக்கு வழக்கமா தர மாட்டாங்க. அவங்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்து இருக்கு. மூளையில அந்த இடத்துலயே போய் வேலை செய்யற ஒரு மாத்திரைக்கு 2023ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. ஆனா கல்லீரலைப் பரிசோதிச்சுக்கிட்டே இருக்கணும்.

தங்கை: மெக்கானிக்கை உள்ளே அனுப்பியே விட்டாங்களா! தூக்கத்துக்கு என்ன பண்றது?

அக்கா: தூக்கம் வரலேன்னா படுக்கையில புரளாதே. எழுந்து மங்கலான வெளிச்சத்துல சும்மா உக்காரு. கடிகாரத்தைப் பாக்காதே. எப்ப தூங்கினாலும் காலையில ஒரே நேரத்துக்கு எழுந்திரு. முக்கியமா, போனைத் தொடவே கூடாது.

தங்கை: அக்கா, நாம இப்ப...

அக்கா: இது மருத்துவ ஆலோசனை. இதுக்கு விதிவிலக்கு உண்டு.

தங்கை: உலகத்துல நமக்கு மட்டும் ஏன்க்கா இந்தத் தண்டனை?

அக்கா: ஓர்கா திமிங்கலத்துக்கும் உண்டு. குட்டி போடற வயசு முடிஞ்சப்புறமும் பல வருஷம் இருந்து, கூட்டத்துக்கே வழி காட்டுமாம்.

தங்கை: அதுக்கென்ன, சுத்தியும் ஜில்லுன்னு தண்ணி. ஸ்வெட்டர் போட்ட புருஷனும் கிடையாது... ஐயோ, வருதுக்கா! மேல ஏறுது!

அக்கா: இரு, இரு. எனக்கும் வருது. ஜன்னலைத் திறந்துட்டு வரேன்.

தங்கை: உனக்கா? உனக்குத்தான் எப்பவோ நின்னு போச்சே!

அக்கா: நின்னது பீரியட்ஸ். இது எங்கே நின்னுச்சு?

தங்கை: ஏழு வருஷம் ஆகலையா இன்னும்?

அக்கா: ஆயிடுச்சுடி. இப்ப அந்தப் புள்ளி நாலுல இருக்கேன்.