ஹொபிட் படங்களுக்குக் கிடைக்காத ஒன்றரை ஆண்டு

டோல்கீனின் நூலைத் தழுவிப் பீற்றர் ஜாக்சன் இயக்கிய ஹொபிட் திரைப்படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம் நண்பர் வட்டத்தில் இரண்டு தீர்ப்புகள் தயாராக இருக்கும். முதலில் இயக்கவிருந்த கில்லெர்மோ தெல் தோரோ விலகியதால்தான் படம் கெட்டது என்பார்கள் ஒரு சாரார். சிறுவர்களுக்கு எழுதப்பட்ட ஒரேயொரு புத்தகத்தை மூன்று படங்களாக இழுத்த பேராசைதான் காரணம் என்பார்கள் மறு சாரார். இரண்டையும் நான் முற்றாக மறுக்கமாட்டேன். ஆயினும், பல ஆண்டுகளை வழக்குகளிலும் கடன் தகராறுகளிலும் செலவழித்துவிட்டு, அந்த இழப்பு முழுவதையும் புதிதாக வந்த இயக்குநரின் ஆயத்தக் காலத்தில் கழித்துக்கொண்டதுதான் மூலத்தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதைச் செய்தவர்கள் திரையில் பெயர் தெரியாதவர்கள் என்பதால் பழி எப்போதும் இயக்குநர்கள் தலையிலேயே விழுகிறது.

நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும். டோல்கீனின் அந்த நூல் 1937இல் வெளிவந்தது. டோல்கீன் கதைகளின் திரைப்பட உரிமைகளை 1976இல் சோல் ஸேன்ட்ஸ் வாங்கியபோதும், ஹொபிட் படத்தை விநியோகிக்கும் உரிமை யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்திடமே தங்கிப் பின்னர் எம்.ஜி.எம். என்ற ஹொலிவூட் நிறுவனத்தின் வசமாயிற்று. அதனால் ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ படங்களால் பெரும்பொருள் ஈட்டிய நியூ லைன் நிறுவனத்தால்கூடத் தனித்து எதுவும் செய்ய முடியவில்லை. போதாக்குறைக்கு, வருமானக் கணக்குத் தொடர்பாக, அப்படங்களை இயக்கிய ஜாக்சன் அந்நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு 2007 டிசம்பரில்தான் இணக்கத்துக்கு வந்தது. அடுத்த இரண்டு மாதங்களில் டோல்கீன் அறக்கட்டளை தனக்குரிய பங்கைக் கேட்டு நீதிமன்றம் சென்றது. அந்த வழக்குத் தீர 2009 செப்டம்பர் வரை ஆயிற்று. இவற்றுக்கிடையே 2008 ஏப்ரலில் இயக்குநராக அறிவிக்கப்பட்ட தெல் தோரோ நியூசிலாந்துக்கே குடிபெயர்ந்து, ஜாக்சன், ஃபிரான் வோல்ஷ், பிலிப்பா பொயன்ஸ் ஆகியோருடன் சேர்ந்து திரைக்கதை எழுதி, உயிரினங்களையும் இடங்களையும் தன் கற்பனைக்கேற்ப வடிவமைத்துக்கொண்டிருந்தார். எம்.ஜி.எம். கடனில் மூழ்கிக்கொண்டிருந்தபடியால் படப்பிடிப்புக்கு நாள் குறிக்க எவராலும் இயலவில்லை. 2010 மே மாத இறுதியில் அவர் விலகினார். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் திகதி எம்.ஜி.எம். வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றப் படியேறியது.

இரண்டு ஆண்டுகள் வேற்று நாட்டில் உழைத்தும், கமரா எப்போது ஓடும் என்று சொல்ல ஆளில்லாத நிலையில், ஒரு கலைஞன் விலகியதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. 2010 ஒக்டோபர் நடுப்பகுதியில் படத்துக்கு அனுமதி கிடைத்து, ஜாக்சனே இயக்குவார் என்று அறிவிக்கப்பட்டபோது, முதற் படத்தின் வெளியீடும் 2012 டிசம்பர் என்று கூடவே அறிவிக்கப்பட்டது. நடிகர் சங்கத்துடனான பிணக்கு முற்றி, படத்தை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவோம் என்ற மிரட்டல் எழுந்ததும், நியூசிலாந்து அரசாங்கம் அந்த மாத இறுதியிலேயே தொழிற்சட்டத்தை அவசர அவசரமாகத் திருத்தித் திரைப்படத் தொழிலாளரின் பேரம்பேசும் வலுவைக் குறைத்தது. (அந்த அநீதியைச் சீர்செய்யும் சட்டம் வர 2022 ஆயிற்று. தாமதத்தின் விலையைக் கடைசியில் யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.) 2011 ஜனவரியில் ஜாக்சனுக்கு வயிற்றுப்புண் முற்றிச் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. மார்ச் 21ஆம் திகதி படப்பிடிப்புத் தொடங்கிவிட்டது. பொறுப்பேற்ற நாளிலிருந்து கணக்கிட்டால் ஐந்து மாதங்கள். அதிலும் ஒரு பகுதி தொழிற்பிணக்கிலும் நோயிலும் போயிற்று.

இதே மனிதருக்கு முன்னைய ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ படங்களில் கிடைத்த காலத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1997இல் வேலை தொடங்கி, 1999 ஒக்டோபரில்தான் முதல் நாள் படப்பிடிப்பு நடந்தது. மாட்டமாட்டா என்ற ஊரின் பண்ணை நிலத்தில் ஹொபிட்களின் கிராமத்தை அமைத்தபோது, தோட்டங்களும் வேலிச்செடிகளும் காய்கறிப் பாத்திகளும் உண்மையாகவே வளர்ந்து, அங்கே தலைமுறைகள் வாழ்ந்தது போன்ற தோற்றம் வரவேண்டும் என்பதற்காக ஏறத்தாழ ஓராண்டு முன்பே அவற்றை நட்டுவிட்டார்கள். போர்வீரர்களின் வளையக் கவசங்களுக்குப் பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக நறுக்கிக் கையாலேயே கோத்தார்கள். அந்த ஆயத்தத்தின் வலிமை எப்படிப்பட்டது என்றால், படப்பிடிப்புத் தொடங்கிய பின் அரகோர்ன் பாத்திரத்துக்குரிய நடிகரையே மாற்ற வேண்டி வந்தபோதும், விக்கோ மோர்ட்டென்சன் விமானமேறி வந்து வாளைக் கையிலெடுத்தார், படம் குலையவில்லை. உலகம் முழுவதும் கட்டி முடிக்கப்பட்டிருந்ததால், அதற்குள் புதிய மனிதர் ஒருவர் நுழைந்து தன் இடத்தைக் கண்டுகொள்ள முடிந்தது.

ஹொபிட் படப்பிடிப்பில் இதற்கு நேர்மாறு. மந்திரவாதி கன்டால்ஃபாக நடித்த இயன் மெக்கலன், உருவங்களைப் பெரிதாகவும் சிறிதாகவும் காட்டும் பழைய கோணத் தந்திரங்களை முப்பரிமாணக் கமராவால் பயன்படுத்த முடியாமற் போனதால், பச்சைத்திரை சூழ்ந்த தளத்தில் தனியே நின்றார். பதின்மூன்று குள்ளர்களும் வேறு தளத்தில் நடித்துக்கொண்டிருக்க, அவர் முன் இருந்தவை அவர்களின் புகைப்படங்களும், யார் பேசுகிறார் என்று காட்ட எரிந்து அணையும் விளக்குகளும் மட்டுமே. அந்த முதுபெரும் நடிகர் அங்கே அழுதுவிட்டார். இதைத் தொழில்நுட்பத்தின் குற்றம் என்று சிலர் சொல்லலாம். எந்தக் காட்சியை எந்த முறையில் எடுப்பது என்று ஆற அமரச் சிந்திக்கப் போதிய மாதங்கள் இருந்திருந்தால் வேறு வழி கண்டிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஜாக்சனே பின்னர் மூன்றாம் படத்தின் வீட்டுப் பதிப்பில் இதை ஒளிவுமறைவின்றிப் பேசினார். தெல் தோரோ போனதும் கடிகாரத்தைப் பின்னே திருப்பித் தனக்கு ஒன்றரை ஆண்டு ஆயத்தக் காலம் தரப்படவில்லை என்றும், பல காட்சிகளை அன்றன்றைக்கு யோசித்தே எடுத்ததாகவும் அவர் கூறினார். இறுதிப் போரை எடுக்க வேண்டிய வேளையில் அதை எப்படி எடுப்பதென்றே தெளிவில்லாமல் நிறுத்திவிட்டு, 2013இல் திரும்பி வந்து எடுத்தார்கள். இரண்டு படங்கள் மூன்றாயின என்ற அறிவிப்பு 2012 ஜூலையில் வந்ததையும் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். பேராசை இருந்திருக்கலாம், மூச்சுவிட நேரம் தேடியதும் அதில் இருந்தது.

கொழும்பில் தமிழ் நாடகம் மேடையேற்றியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மண்டபத்துக்கு முற்பணம் கட்டி, அழைப்பிதழும் அச்சிட்டாயிற்று. நெறியாளர் இடையில் போய்விட்டார். புதியவருக்கு முந்தியவரின் பிரதியும் அரைகுறை ஒத்திகையும் மிச்சம். அன்றிரவு பார்வையாளர் பார்ப்பது புதியவரின் திறமையையா, மண்டபத் திகதியின் பிடிவாதத்தையா?

இயக்குநர் மாறினாலே படவரிசை சிதையும் என்பதும் உண்மையன்று. ஹரி பொட்டர் படங்களை 2001 முதல் 2011 வரை நால்வர் இயக்கினார்கள். கொலம்பஸிடமிருந்து குவாரோனுக்குக் கை மாறியபோது படத்தின் நிறமும் நடையும் மாறின. என் கணிப்பில் அந்த மூன்றாம் படமே வரிசையில் ஆகச் சிறந்தது. தயாரிப்பாளர் டேவிட் ஹேமனும் கலை இயக்குநர் ஸ்ருவர்ட் கிரெய்க்கும் எட்டுப் படங்களிலும் இருந்தார்கள். வீட்டின் திறப்பு ஒரே கையில் இருந்ததால் விருந்தினர் மாறினாலும் வீடு மாறவில்லை. ‘த கோல்டன் கொம்பஸ்’ படத்திலோ, கிறிஸ் வைட்ஸ் 2004இல் விலகினார், ஆனந்த் டக்கர் வந்து 2006இல் விலகினார், வைட்ஸ் மறுபடி வந்தார். கடைசியில், எடுத்து முடித்திருந்த உச்சக்காட்சியையே வெட்டிவிட்டு 2007 டிசம்பரில் படத்தை வெளியிட்டார்கள். தொடர்ச்சி வரவேயில்லை.

நமக்கு நெருக்கமான சான்றும் இருக்கிறது. பொன்னியின் செல்வன் மாயாஜாலக் கதையன்று; ஆனால் படமாக்க முடியாது என்று தலைமுறைகளாகப் பேசப்பட்ட கதை. 1954இல் தொடராக முடிந்த அந்நாவலைப் படமாக்க எம்.ஜி.ஆர். முயன்றார், நடக்கவில்லை, மணிரத்னம் முன்பே முயன்று கைவிட்டுப் பின் 2019 டிசம்பரில் தொடங்கினார், கொவிட் நிறுத்தியது, 2022 செப்டம்பர் 30ஆம் திகதி முதற்பாகம் வந்தது. வந்தியத்தேவன் தம்பள்ளையிலும் அநுராதபுரத்திலும் அலைந்த பக்கங்களைப் பள்ளி வயதில் படித்த நாம் அத்தனை ஆண்டுகளும் காத்திருந்தோம். அந்தப் படங்களில் எனக்குக் குறைகள் தெரிகின்றன. இலங்கைப் பகுதி மிகச் சுருங்கியது அவற்றில் பெரியது. ஆனால் தான் எடுப்பது எதுவென்று தெரியாமல் எடுத்த காட்சி என்று ஒன்றையும் என்னால் சுட்டமுடியவில்லை.

இவ்வளவும் எழுதக் காரணம், டோல்கீன் கதைகளில் வரும் கொல்லம் என்ற பாத்திரத்தைப் பற்றிய புதிய படத்தை 2026இலிருந்து 2027 டிசம்பர் 17க்குத் தள்ளிவைத்ததைப் பலர் கெட்ட சகுனமாகப் பேசுவதுதான். அதை இயக்கும் அண்டி சேர்க்கிஸ், ஹொபிட் படங்களில் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவை நடத்தியவர். ஆயத்தமில்லாத தளத்தின் அவலத்தை அருகிருந்து கண்டவர். ஆகவே இந்தத் தள்ளிவைப்பை நான் வரவேற்கிறேன். நடிகர் பட்டியலையும் முன்னோட்டத்தையும்விட, படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதை முடிந்திருந்ததா என்ற செய்தியைத்தான் அடுத்து வரும் மாதங்களில் நான் தேடிப் படிக்கப்போகிறேன்.