செங்கோட்டையைத் தாண்டிப் போயிடாதீங்க

நம்ம நெல்லைக்காரங்களுக்கு மலைன்னா ஒண்ணு குத்தாலம், இல்லன்னா லீவு போட்டுட்டு கொடைக்கானல். செங்கோட்டைங்கற பேரை பஸ் போர்டுலயும் ரயில் போர்டுலயும் பாத்துருக்கோமே தவிர அங்க இறங்கி சுத்திப் பாத்தவங்க ரொம்பக் கம்மி. நானும் இந்த ஆடி மாசம் பாளையங்கோட்டைல இருந்து ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு ஒத்தையில கெளம்பி, ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசின்னு போயி அப்படியே கொல்லம் ரோட்டப் புடிச்சி கேரளாவுல இருக்க ஆரியங்காவு வரைக்கும் போலாம்னுதான் இருந்தேன், ஆனா செங்கோட்டை விடல. அந்த ஊரு மேல எனக்கு வந்த ஆசைய எப்படிச் சொல்றதுன்னு தெரியல, சொல்லிப் பாக்கேன்.

ஊருக்குள்ள ரோட்டுக்குக் குறுக்க ஒரு ஆர்ச் நிக்கிது. அண்ணாந்து பாத்தா திருவிதாங்கூர் ராஜாவோட சங்கு முத்திரை. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊரு நம்ம பக்கமே கெடையாது, மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்போதான் தாலுகாவுல ஒரு பகுதி தமிழ்நாட்டோட சேந்துச்சு, ஆரியங்காவெல்லாம் அந்தப் பக்கமே நின்னுபோச்சு. அதுக்கு முன்னால பிரானூர்லயே எல்லை. இன்னைக்கும் அந்த இடத்த பார்டர்னுதான் சொல்லுதாங்க, பார்டர் பரோட்டாவும் கோழியும் திங்க நம்மூர்ல இருந்து கார் போட்டுப் போறாங்களே, அந்த பார்டர்தான் இது. எல்லை மலைமேல ஏறிப்போயி எத்தனையோ வருசமாச்சு. ஆனா ஊரு ரெண்டு பக்கத்தையும் விடல. காலைல ஒரு கடையில இட்லியும் புட்டும் கடலைக்கறியும் பக்கத்துப் பக்கத்துல ஆவி பறக்க இருந்துச்சு. டீ ஆத்துன பெரியவரு "எந்த ஊரும்மா, ஒத்தையிலயா வந்திய?"ன்னு கேட்டுட்டு, பாளையங்கோட்டைன்னதும் "அங்க வெயிலு கொளுத்துமே, ரெண்டு நாளு இருந்துட்டுப் போங்க"ன்னாரு. அவ்வளவு பிரியமா யாரும் என்ன இருக்கச் சொன்னதில்ல.

அவரு சொன்னதுல நியாயம் இருக்கு. இங்கன மலைத்தொடர்ல ஒரு கணவாய் இருக்கு, தென்மேற்குப் பருவக்காத்து மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீத்தது போக மிச்ச ஈரத்தத் தூக்கிக்கிட்டு அது வழியாத்தான் நம்ம பக்கம் வருது, அதுதான் சாரல். குத்தாலத்துல கூட்டத்துக்கு நடுவுல நின்னு அனுபவிக்கிற சாரல் வேற, செங்கோட்டைல ஓட்டு வீட்டுத் தெருவுல வண்டிய நிப்பாட்டிட்டு அனுபவிக்கிற சாரல் வேற. சுள்ளுன்னு வெயில் அடிச்சிக்கிட்டு இருக்கும்போதே வரும், மூக்குக்கண்ணாடில பொடிப்பொடியா ஒட்டும், தொடச்சி மாட்டுறதுக்குள்ள நின்னுரும். வண்டி சீட்டு பாதி நனைஞ்சி பாதி காஞ்சி கெடக்கும்.

இம்புட்டு சின்ன ஊர்ல பொறந்தவங்களப் பாருங்க. கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் (1911 ஜூன் 17, மணியாச்சி, நமக்குச் சொல்லவா வேணும்), மணிமண்டபம் ஊருக்குள்ளயே இருக்கு. மைக் இல்லாத காலத்துல நாடக மேடைல பாடிக் கொட்டகைய அதிர வச்ச கிட்டப்பா, 27 வயசுலயே போயிட்டாரு. இவங்களையெல்லாம் விட எனக்கு ஆவுடையக்காதான். சின்ன வயசுலயே கைம்பெண்ணாகி, அந்தக் காலத்துலயே வேதாந்தத்தப் பாட்டாப் பாடுனவ. அந்தப் பாட்டையெல்லாம் பொம்பளைங்க வாய்வழியாவே பாடிப் பாடிக் காப்பாத்தியிருக்காங்க. அவ இருந்த ஊர்ல ஒத்தையில நடக்குறேன்னு நெனச்சப்ப நெஞ்சு நெறஞ்சிருச்சு.

அப்புறம் புளியரை எஸ் வளைவு. மேல ஏறி ஓரமா நின்னு கீழ பாருங்க, கார் பருவத்து நெல்லு பச்சை, நடுவுல தென்னந்தோப்பு, அதுக்கு அப்பால நம்ம காஞ்ச சீமை. ரயில் பாதையும் இந்தப் பக்கந்தான், 1904ல போட்ட லைன், மீட்டர் கேஜ நிறுத்தி அகலப்பாதையாக்கி திரும்பத் தொறக்க 2018 ஆயிருச்சு. பகவதிபுரம் தாண்டி ஒரு குகைக்குள்ள நுழைஞ்சா வெளிய வரும்போது கேரளா. இந்த ஏத்தத்துல பின்னாலயும் ஒரு இன்ஜினக் கோத்துத் தள்ளிவிடுவாங்க.

மனசு பொறுக்காத ஒண்ணும் இருக்கு, சொல்லித்தான் ஆகணும். இதே ரோட்டுலதான் பாறைய ஒடச்சிப் பொடிச்ச எம்-சாண்டு மணலும் ஜல்லியும் ஏத்திக்கிட்டு கேரளாவுக்கு லாரி லாரியாப் போகுது. ஸ்கூட்டியோட ஓரத்துல ஒதுங்கி நின்னப்போ ஒண்ணு பின்னால ஒண்ணா போயிக்கிட்டே இருந்துச்சு, பச்சை இலையெல்லாம் வெள்ளைத்தூசி. இந்தக் கணவாய்க்கு வடக்க பெரியாறு காடு, தெக்க அகத்தியமலைக் காடு. ரெண்டுக்கும் நடுவுல யானை போக வர வழி ரோடு, ரயில், தோட்டம்னு துண்டு துண்டாகிப் போச்சு. ராத்திரியாவது இந்த ரோட்டுல கனரக லாரியக் கொறைக்கணும்ங்கறது என் கருத்து. நம்ம மலைய ஒடச்சி அடுத்த ஊருக்கு அனுப்புறத வளர்ச்சின்னு யாராவது சொன்னா என்னால ஏத்துக்க முடியல, ஊருக்கு வேலை வேணும்னா அதுக்கு வேற வழி யோசிக்கலாம்.

போறவங்க சீசன் சனி ஞாயிறுல போகாதீங்க, ரோடு முழுக்க குத்தாலத்துக் கூட்டந்தான் இருக்கும். வண்டி இல்லன்னா நெல்லை ஜங்ஷன்ல செங்கோட்டை பாசஞ்சர்ல ஏறுங்க, அம்பை, கடையம் வழியாப் போகும், இடது பக்க ஜன்னல் கெடச்சா விட்டுறாதீங்க, மலை கூடவே வரும். தென்காசில பாதிப் பெட்டி காலியாயிரும். நீங்க இறங்காதீங்க.