கம்ப்ரஸர் மாற்றி 19 நாள்

கார் ஏசியில் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை மாற்றி முழுசாக 19 நாள்தான் ஆகியிருந்தது. மதியம் ஒன்றரை மணி, கத்திரி வெயில், சென்னை கத்திப்பாராவில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. பானட்டுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷமே பெல்ட் கருகும் வாடை. ஏசியை அணைத்தேன். பின் சீட்டில் அம்மா. 72 வயது, கண்புரை ஆபரேஷன் முடிந்து நாலாவது நாள். கண்ணில் தூசி படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் கண்ணாடியை இறக்கவும் முடியாது. கிண்டியிலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் மூடிய வண்டிக்குள் அம்மா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மறுநாள் காலையிலேயே மாற்றிக் கொடுத்த கடைக்குப் போனேன். திறந்து பார்த்துவிட்டு கடைக்காரர் சொன்னது: "கண்டென்சர் அடைச்சிருக்கு சார், அதனாலதான் கம்ப்ரஸர் ஜாம் ஆயிடுச்சு. இதுக்கு வாரண்டி வராது. பழைய வண்டி பாருங்க."

கண்டென்சர் என்பது கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிற, வண்டியின் முன்பக்கம் இருக்கிற பாகம். அது அடைத்திருக்கிறது என்று யார் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்? 19 நாளுக்கு முன்னால் அதே சிஸ்டத்தைப் பிரித்து, அதே பைப்பைக் கழற்றி, 16,500 ரூபாய் வாங்கிக்கொண்டு மாட்டியவர்தானே?

இந்தக் கதை மூன்று வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு மார்ச்சிலும் கூலிங் குறையும். நானும் போவேன். "கேஸ் கம்மியா இருக்கு, ஏத்திடலாம்." 1,500, 1,800, 2,000 என்று வருஷத்துக்கு வருஷம் ஏறியது. பெட்ரோல் மாதிரி ஏசி கேஸும் ஓட ஓடச் செலவாகும் என்று ஊர் முழுக்க நம்ப வைத்திருக்கிறார்கள். அது செலவாகும் பொருளே இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. காரில் ரப்பர் ஹோஸும் இணைப்புகளும் இருப்பதால் பல வருஷங்களில் கொஞ்சம் கசியும், அது சரி. வருஷா வருஷம் ஏசியே வேலை செய்யாத அளவுக்குக் குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டையைத் தேடாமல் கேஸை மட்டும் ஏற்றுகிறவர், தெரிந்தேதான் அடுத்த வருஷமும் என்னை வரவைக்கிறார்.

போவது கேஸ் மட்டும் என்றால்கூட பொறுத்துக்கொள்ளலாம். கம்ப்ரஸருக்கு என்ஜின் மாதிரி தனியாக ஆயில் தொட்டி கிடையாது. கேஸோடு கலந்து சுற்றி வரும் எண்ணெய்தான் அதற்கு உயிர். ஓட்டை வழியாகக் கேஸ் போகும்போது எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. உள்ளே இருக்கிற எண்ணெயும் கேஸ் குறைந்தால் சரியாகச் சுற்றி வராது. கேஸ் ஏற்றும்போது எண்ணெய் எவ்வளவு போனது என்று யாராவது கேட்டார்களா? கேட்கவில்லை. மூன்று கோடை என் கம்ப்ரஸர் பட்டினியிலேயே ஓடி, உள்ளே உரசி உரசித் தேய்ந்து, நாலாவது கோடையில் செத்தது.

செத்த கம்ப்ரஸரைக் கழற்றினால் அதோடு வேலை முடிந்துவிடாது. அது தேய்த்த அலுமினியத் தூள் எங்கே போகும்? எண்ணெயோடு போய் கண்டென்சரில் உட்காரும். இப்போதைய கண்டென்சர்களில் கேஸ் போகிற வழி ஊசி நுழையாத அளவுக்குச் சின்னது. ஃப்ளஷ் அடித்துக் கழுவினாலும் தூள் முழுசாக வராது. அதனால்தான் உள்ளே உலோகத் தூள் வந்துவிட்டால் கண்டென்சரையும் மாற்ற வேண்டும். கேஸை அளவாக விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வும் டிரையரும் சேர்த்துத்தான். டிரையர் ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே இருப்பது. சிஸ்டத்தைத் திறந்து சென்னைக் காற்றில் விட்டால் அதன் வேலை அதோடு தீர்ந்தது. இதெல்லாம் ராக்கெட் ரகசியமா? இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

எனக்கு நடந்தது என்ன? பழையதைக் கழற்றினார்கள், பழசைச் சரிபண்ணி ரீகண்டிஷன் செய்த ஒன்றை மாட்டினார்கள். குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கும் பம்ப்பைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள், குடித்துவிட்டு வந்து நிறுத்திவிட்டார்கள். பத்து நிமிஷம் இருக்கும். குழாய்க்குள் இருக்கிற ஈரம் கொதித்து ஆவியாகி வெளியேறத்தான் வேக்கும் போடுவது. அதற்கு அரைமணி, முக்கால் மணி நேரம் வேண்டும். அப்புறம் பம்ப்பை நிறுத்திவிட்டு அழுத்தம் காட்டும் கேஜ் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை கிராம் கேஸ் என்று பானட்டுக்கு அடியில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறது. தராசு எடுத்தார்களா? இல்லை. வென்ட்டில் கையை வைத்துப் பார்த்து, "ஜில்லுனு வருது சார்."

இரண்டாவது கம்ப்ரஸரும் போன பிறகு, தாம்பரம் பக்கம் ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டேன். அவர் முதலில் கேஸ் ஏற்றும் பேச்சையே எடுக்கவில்லை. கம்ப்ரஸரிலிருந்து பைப்பைக் கழற்றி, உள்ளே ஒரு விரலை விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். சாம்பல் நிறத்தில் குழம்பு மாதிரி இருந்தது. "தேய்ச்சுப் பாருங்க தம்பி." கட்டை விரலால் தேய்த்தேன். கோலமாவு மாதிரி நறநறத்தது, வெயிலில் திருப்பினால் வெள்ளியாக மின்னியது. அப்புறம் சிஸ்டத்துக்குள் நைட்ரஜன் ஏற்றி, சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷில் தொட்டு இணைப்பு இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தார். கண்டென்சரின் கீழ் மூலையில், ரோட்டுக் கல் அடித்து நசுங்கின இடத்தில், குட்டிக் குட்டியாக நுரை எழும்பியது. அதைச் சுற்றிலும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுப்பாகப் படிந்திருந்தது. ஓட்டை மூன்று வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

இருபது நிமிஷ வேலை. முதல் வருஷமே யாராவது இதைச் செய்திருந்தால் கண்டென்சர் ஒன்றோடு போயிருக்கும். கம்ப்ரஸரே மாற்ற வேண்டியிருக்காது.

இதில் எனக்கு அடிவயிறு எரிவது "பழைய வண்டி சார்" என்ற அந்த வார்த்தைக்குத்தான். 2011 மாடல், 92,000 கிலோமீட்டர், என்ஜினில் ஒரு குறை கிடையாது. பழைய வண்டி என்பதற்காகக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் புது கம்ப்ரஸருக்கு ஒரு விலை சொல்லி, "வண்டியோட மதிப்பே அவ்வளவு வராது, வண்டியையே மாத்திடுங்க" என்கிறார்கள். வெளியே வந்தால் புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றின ஐட்டமா, ரீகண்டிஷனா, ஜி.பி. ரோட்டில் டூப்ளிகேட்டா என்று எதுவும் தெரியாமல் தலையில் கட்டுகிறார்கள். புது வண்டி வாங்க முடியாதவன்தான் பழைய வண்டியை ஓட்டுகிறான். அவனிடம்தான் அரைகுறை வேலைக்கு முழுப் பணமும் வாங்குகிறார்கள். கம்ப்ரஸரை பெல்ட்டோடு சேர்க்கிற கிளட்ச்சின் பேரிங் மட்டும் போயிருந்தாலும் மொத்த கம்ப்ரஸருக்கு பில் போடுகிற கடைகள் இருக்கின்றன. பழையதைப் பெட்டியில் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டால் முகம் மாறுகிறது.

பெரியவர் கண்டென்சர், வால்வு, டிரையர் எல்லாம் மாற்றி, புது கம்ப்ரஸர் போட்டு, எண்ணெயை அளந்து ஊற்றி, கேஸ் சிலிண்டரைத் தராசில் வைத்து ஏற்றிக் கொடுத்தார். 31,000 ஆனது. அந்தப் பணத்துக்கு நான் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை.

முதல் கடையின் பில் என்னிடம் இருக்கிறது. "கம்ப்ரஸர் சேஞ்ச், கேஸ் ஃபில்லிங்" என்று இரண்டே வரி. லீக் டெஸ்ட் என்று எங்கேயும் இல்லை. அதன் நகலோடு 16,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படிக்காமல் டிராயருக்குள் போட்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. செத்துப்போன இரண்டாவது கம்ப்ரஸரையும் நசுங்கின கண்டென்சரையும் ஒரு சாக்கில் கட்டி டிக்கியில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி அந்தக் கடைக்குப் போகிறேன்.