அந்தக் காபி வழக்கில் கைக்கு வந்தது 29 லட்சம் டாலர் அல்ல
"கார் ஓட்டிக்கொண்டே காபியைக் கொட்டிக்கொண்ட பாட்டிக்கு அமெரிக்க கோர்ட் 29 லட்சம் டாலர் கொடுத்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தப்புங்க. 1992-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், மெக்டொனால்ட்ஸ் கடையில் வாங்கிய காபியால் நடந்தது அது. அந்த 79 வயது அம்மா வண்டியை ஓட்டவே இல்லை, நின்றிருந்த காரில் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, பால் ஊற்ற மடியில் கப்பை வைத்து மூடியைத் திறந்திருக்கிறார். 82 டிகிரிக்கும் மேல் சூடு. தொடையில் தோல் முழுக்க வெந்து, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டி, எட்டு நாள் ஆஸ்பத்திரி.

முதலில் அவர் கேட்டது 20,000 டாலர்தான். மெக்டொனால்ட்ஸ் 800 தருகிறோம் என்றது! அதற்கு முந்தைய பத்து வருடத்தில் 700-க்கும் மேல் புகார் வந்திருந்தும் சூட்டைக் குறைக்கவில்லை என்பதால்தான் ஜூரிக்கு (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) கோபம்.

சரி, பணத்துக்கு வருவோம். ஜூரி சொன்ன இழப்பீடு 2 லட்சம் டாலர், அதிலும் அவர் பங்குக்கு 20 சதவீதத் தவறு என்று கழித்து 1.6 லட்சம். அதற்கு மேல் கம்பெனியைத் தண்டிக்க 27 லட்சம் தண்டனைத் தொகை, அதாவது கம்பெனியின் இரண்டு நாள் காபி விற்பனை அளவு. அதை நீதிபதி 4.8 லட்சமாகக் குறைத்துவிட்டார். மொத்தம் 6.4 லட்சம். அப்புறம் இரு தரப்பும் வெளியே சொல்லாத ஒரு தொகைக்குச் சமரசமாகிவிட்டார்கள்.