இறுக ஒட்டுவதில்லை

ஊதா பாக்டீரியாவின் ஒளிச்சேர்க்கை பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஒரே ஒரு இடத்தில் இடிக்கிறது. எலக்ட்ரானைச் சுமந்து செல்லும் சைட்டோகுரோம் சி2 என்ற சிறு புரதம், ஒளி பட்டதும் எலக்ட்ரானை இழக்கும் புரதத் தொகுப்பான வினைமையத்தோடு 'இறுகப் பிணைந்து' எலக்ட்ரானைத் தருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ரோடோபாக்டர் ஸ்பீராய்டிஸ் என்ற ஊதா பாக்டீரியாவில் அப்படியில்லை. சி2வில் எலக்ட்ரானைத் தாங்கும் இரும்புள்ள பகுதிதான் ஹீம்; அதன் விளிம்பைச் சுற்றி லைசின் அமினோ அமிலங்கள், அதாவது நேர்மின்னூட்டம். வினைமையத்தின் அந்தப் பக்கத்தில் ஆஸ்பார்டிக், குளூட்டாமிக் அமிலங்கள், எதிர்மின்னூட்டம். இந்த ஈர்ப்பு சி2வைச் சரியான இடத்துக்கு இழுத்து வருகிறது, அவ்வளவுதான். உட்கார்ந்தபின் சுமார் 1 மைக்ரோநொடியில் எலக்ட்ரான் கைமாறிவிடும். உடனே கழன்று, பிசி1 என்ற இன்னொரு புரதக் கூட்டமைப்பிடம் அடுத்த எலக்ட்ரான் வாங்கப் போயாக வேண்டும். இறுக ஒட்டினால் சுழற்சியே நின்றுவிடும். கரைசலில் உப்பைக் கூட்டினால் பிணைப்பு தளர்வதும் இந்த மின்னூட்டக் கதையால்தான்.

1988 நோபல் பரிசு பெற்ற வினைமைய ஆய்வில் பயன்பட்ட விரிடிஸ் என்ற ஊதா பாக்டீரியாவிலோ நான்கு ஹீம் கொண்ட சைட்டோகுரோம் வினைமையத்தோடு நிரந்தரமாகவே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டீர்களோ?

அப்புறம், ஊதா பாக்டீரியாவைப் பார்க்க ஆய்வகமெல்லாம் வேண்டாம். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டருகே உள்ள குளத்துச் சேற்றை, கிழித்த செய்தித்தாள், வேகவைத்த முட்டை மஞ்சள்கருவோடு பாட்டிலில் அடைத்து ஜன்னலில் வைத்தேன். ஏழெட்டு வாரத்தில் அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பீட்ரூட் நிறத்தில் திட்டுகள். மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். அம்மா பாட்டிலோடு என்னையும் வெளியே அனுப்பிவிட்டார்.